லேப்டாப்புக்கு மொபைல் நெட்: டாங்கிள் வாங்கும் முன் தொடங்கி, வரிசையாகச் செய்ய வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி புது டாங்கிளும் (சிம் போட்டு லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் சொருகும் நெட் கருவி) கையுமாக வந்து நின்றார். "அண்ணே, கடையில வச்சுப் பார்த்தப்போ நல்லா ஓடிச்சு. வீட்டுக்குக் கொண்டுபோனா ஒண்ணும் திறக்க மாட்டேங்கு. கேடான சாமானாக்கும் தந்திருக்கானுவ" என்றார். டாங்கிளில் ஒரு குறையும் இல்லை. கடை இருந்தது சந்தைக்கு நடுவில், டவருக்கு அடியில். வீடு இருந்தது ரப்பர் தோட்டச் சரிவின் அடியில். அந்த வீட்டு மாடிப்படி ஜன்னலில் அவருடைய பழைய போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டதும் ஆன்லைன் வகுப்பு ஓட ஆரம்பித்தது. டாங்கிளுக்குக் கொடுத்த காசு போனது போனதுதான்.

இந்த மாதிரி நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். முதலில் கருவியை வாங்குகிறார்கள், அதற்குப் பொருந்தும் சிம்மைத் தேடுகிறார்கள், வீட்டில் டவர் இருக்கிறதா என்று கடைசியில் பார்க்கிறார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் வயல்வெளியில் இருப்பவர்கள் இப்படிச் செய்தும் தப்பித்துவிடலாம். திருவட்டாறு, விளவங்கோடு, கல்குளம் பக்கம் மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற இடங்களில் மேட்டு வீட்டில் கிடைக்கும் டவர் பத்தடி தாண்டிப் பள்ளத்து வீட்டில் கிடைக்காது. அதனால் முதலில் இடம், அடுத்து சிம், அப்புறம் டேட்டா அளவு, கருவி கடைசி. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 4ஜி அல்லது 5ஜி போன், லேப்டாப், ஒரு நோட்டு, பேனா. கூடவே ஒரு டேட்டா கேபிள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள்கள் வீட்டில் நிறையக் கிடக்கும், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். போனை லேப்டாப்பில் சொருகிப் பாருங்கள். கோப்புகளை மாற்றவா, சார்ஜ் மட்டும் செய்யவா என்று போன் கேட்டால் அது டேட்டா கேபிள். சார்ஜ் மட்டும் ஏறிக்கொண்டு வேறு எதுவும் கேட்கவில்லை என்றால் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொன்று நேரம். சாயங்காலம் 7 மணியிலிருந்து 10 மணி வரை ஒரு நாள் ஒதுக்குங்கள். அந்த நேரத்தில்தான் ஊரே வீட்டில் உட்கார்ந்து ஒரே டவரில் வீடியோ பார்க்கும். மதியம் 2 மணிக்கு அளந்த வேகத்தை நம்பிப் பணம் கட்டினால் இரவில் ஏமாறுவீர்கள். உங்கள் வேலை பகலில் என்றால் பகலிலும் ஒரு தடவை அளந்துகொள்ளுங்கள்.

2. உட்காரப்போகும் இடத்தில் டவரை அளந்து பாருங்கள்

போன் திரையில் தெரியும் கட்டங்களை நம்ப வேண்டாம். எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை கட்டம் என்று ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. நமக்கு வேண்டியது சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் (dBm) என்ற எண்.

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், ஸ்டேட்டஸ், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு இருக்கும். சில போன்களில் *#*#4636#*#* என்று டயல் செய்தாலும் வரும். ஐபோனில் *3001#12345#* என்று போட்டுக் கால் பட்டனை அழுத்த வேண்டும். எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும், அதனால்தான் புதிதாகப் பார்ப்பவர்கள் குழம்புகிறார்கள்: -110 என்பது -90ஐவிட மோசம். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர வர நல்லது.

4ஜிக்கு என் கணக்கு இதுதான். -85 அல்லது அதைவிட மேல் என்றால் எந்த முறையில் இணைத்தாலும் ஓடும். -100 வரை சமாளிக்கலாம். -110ஐ ஒட்டிப் போனால் வீடியோ கால் தடுமாறும். -115ஐத் தாண்டினால் அந்த இடத்தில் எந்தக் கருவியை வைத்தும் பெரிதாகப் பயனில்லை, இடத்தைத்தான் மாற்ற வேண்டும். மூன்று டிபி கூடினால் கிடைக்கும் சக்தி இரட்டிப்பாகும். ஆகவே -106 இருந்த இடத்திலிருந்து ஜன்னலுக்குப் போய் -100 வந்தால் அது நாலு மடங்கு. சின்ன வித்தியாசம் என்று தள்ளிவிடாதீர்கள்.

போனை எடுத்துக்கொண்டு வீடு முழுக்க நடங்கள். மேசை, ஒவ்வொரு ஜன்னல், மாடிப்படி, மொட்டை மாடி. ஒவ்வொரு இடத்திலும் அரை நிமிடம் நின்ற பிறகு எண்ணை எழுதுங்கள், ஏனென்றால் போன் அந்த எண்ணைச் சற்றுத் தாமதமாகத்தான் மாற்றும். நடந்துகொண்டே பார்த்தால் அடுக்களை எண்ணை முன்னறைக் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

நம்ம ஊரில் இப்போது பாதி வீடுகளின் மொட்டை மாடியில் மழைக்காகத் தகர ஷீட் போட்டிருக்கிறார்கள். தகரம் ரேடியோ அலையைத் தடுத்துவிடும். அப்படிப்பட்ட வீட்டில் மாடிக்குப் போனால் டவர் கூடும் என்ற கணக்கு பொய்யாகிவிடும், ஷீட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடிச் சுவரோ பக்கவாட்டு ஜன்னலோதான் சரியான இடம். ஓட்டு வீடு இந்த விஷயத்தில் கான்கிரீட் வீட்டைவிடக் கொஞ்சம் தேவலாம்.

3. சிம்மை வாங்காமலே சோதித்துப் பாருங்கள்

பக்கத்து வீடுகளில் ஜியோ, ஏர்டெல், வி (வோடபோன் ஐடியா), பிஎஸ்என்எல் எல்லாம் யாராவது ஒருவரிடம் இருக்கும். இரவு எட்டு மணிக்கு அவர்களைச் சாயா குடிக்கக் கூப்பிடுங்கள். ஒவ்வொருவர் போனையும் உங்கள் நல்ல ஜன்னலில் வைத்து, ஹாட்ஸ்பாட் போட்டு, உங்கள் லேப்டாப்பில் பத்து நிமிடம் வேலை செய்து பாருங்கள். கம்பெனிகள் தங்கள் தளத்தில் போடும் கவரேஜ் வரைபடத்தைப் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் உங்கள் வீட்டுச் சுவர் அதில் கிடையாது.

வேகம் பார்க்க தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் மைஸ்பீட் செயலி போதும். டவுன்லோடு எண்ணை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். வீடியோ காலில் உங்கள் முகமும் குரலும் போவது அப்லோடில்தான். அப்லோடு நிலையாக 2 எம்பிபிஎஸ் இருந்தால் கூட்டம் ஓடும். 40 எம்பிபிஎஸ் டவுன்லோடும் 0.3 அப்லோடும் வரும் சிம் படம் பார்க்க ஆகும், வேலைக்கு ஆகாது. நல்ல 5ஜியில் ஒரு ஸ்பீட் டெஸ்டே சில நூறு எம்பியைத் தின்றுவிடும், அடுத்தவர் டேட்டாவில் பத்துத் தடவை ஓட்டாதீர்கள்.

ஒரே இடத்தில் கம்பெனிக்குக் கம்பெனி இவ்வளவு வித்தியாசம் வருவதற்குக் காரணம் டவர் எங்கே இருக்கிறது என்பதும் எந்த அலைவரிசையில் வருகிறது என்பதும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். 1800, 2300 கூடுதல் வேகம் தரும், ஆனால் தூரம் குறைவு. 5ஜிக்கு அதிகம் பயன்படும் 3300 பக்கத்து அலை கான்கிரீட்டுக்குள் வந்ததுமே தளர்ந்துவிடும். அதனால்தான் முற்றத்தில் 5ஜி காட்டும் போன் அறைக்குள் 4ஜிக்கு இறங்குகிறது. இப்படி மாறி மாறி ஏறி இறங்கும் இடத்தில் இருந்தால் போனை 4ஜியில் மட்டும் நிற்கும்படி வைத்துவிடுங்கள். வேகம் குறையும், ஆனால் கூட்டத்துக்கு நடுவே அறுந்து போகாது.

மலைப்பக்கம் இருப்பவர்கள் பிஎஸ்என்எல்லை விடாமல் சோதியுங்கள். 2025 செப்டம்பரில் அதன் 4ஜி நாடு முழுக்க முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது, மூன்று வருடத்துக்கு முன்பு பார்த்த அனுபவத்தை வைத்து இப்போது முடிவு செய்ய வேண்டாம். அது 700 மெகாஹெர்ட்ஸையும் பயன்படுத்துகிறது. சில பழைய போன்களால் அதைப் பிடிக்க முடியாது, கொஞ்சம் புதிய போனிலும் போட்டுப் பாருங்கள்.

களியக்காவிளை, அருமனை பக்கம் எல்லையோரம் இருந்தால் போன் கேரள டவரைப் பிடித்துக்கொள்ளும். இப்போதைய அன்லிமிடெட் பேக்குகளில் நாட்டுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆனால் சில போன்களிலும் டாங்கிள்களிலும் டேட்டா ரோமிங் அணைந்திருந்தால் முழு டவர் இருந்தும் நெட் வராது. அதை ஆன் செய்துவிட்டுத்தான் சோதனையை ஆரம்பிக்க வேண்டும்.

4. ஒரு நாளைக்கு எத்தனை ஜிபி வேண்டும்

வீடியோ கூட்டம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி. வீடியோவை அணைத்துக் குரலோடு மட்டும் இருந்தால் 100 எம்பிக்குள் முடிந்துவிடும். யூடியூப் 480பியில் மணிக்கு அரை ஜிபி, 1080பியில் ஒன்றரை இரண்டு ஜிபி. மின்னஞ்சல், ஆவணங்கள், செய்தி எல்லாம் சேர்த்தும் நாளைக்கு அரை ஜிபி தாண்டாது.

இதைக் கூட்டிப் பார்த்தாலே 1.5 ஜிபி பேக் யாருக்குப் போதும் என்று தெரிந்துவிடும். தினசரி அளவு தீர்ந்ததும் வேகம் பொதுவாக 64 கேபிபிஎஸ் ஆகிவிடும். 1 எம்பி புகைப்படம் ஒன்றை அனுப்ப இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும் வேகம் அது. நெட் இருக்கிறது என்றுதான் போன் காட்டும், அதனால் என்ன கோளாறு என்று தெரியாமல் திண்டாடுவார்கள்.

அன்லிமிடெட் 5ஜி என்ற பேக்கில் அந்த அன்லிமிடெட் 5ஜியில் நிற்கும்போது மட்டும்தான். 4ஜிக்கு இறங்கியதும் தினசரி அளவு குறைய ஆரம்பிக்கும். அறைக்குள் 5ஜி நிற்காத வீட்டில் அந்த வார்த்தையை நம்பி பேக் போடாதீர்கள்.

தினமும் 4, 5 ஜிபிக்கு மேல் தேவை, ஊருக்குள் ஃபைபர் கேபிள் வந்திருக்கிறது என்றால் ஃபைபரையே எடுங்கள். மொபைல் நெட்டை மாற்று ஏற்பாடாக வைத்துக்கொள்ளலாம்.

5. இப்போதுதான் கருவி

பெரும்பாலானவர்களுக்குக் கையில் இருக்கும் போனே போதும். நாளைக்கு இரண்டு மூன்று மணி நேர வேலை, ஒரே ஆள், மேசையிலோ ஜன்னலிலோ -100க்கு மேல் சிக்னல். அவ்வளவு இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம்.

நீங்கள் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனால் வீட்டில் பிள்ளைகளின் படிப்பு நின்றுவிடும் என்றால் பாக்கெட் வைஃபை வாங்குங்கள். சிம் போட்ட சின்னப் பெட்டி, உள்ளே பேட்டரி, அதனால் கரண்ட் போனாலும் சில மணி நேரம் ஓடும். இதை ஜன்னலில் வைத்துவிட்டு லேப்டாப்பை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதுதான் இதன் பெரிய வசதி. வருடக்கணக்கில் சார்ஜிலேயே சொருகி வைத்தால் பேட்டரி உப்பிவிடும், அதில் மட்டும் கவனம். டிராயரில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றும் இதே வேலையைச் செய்யும், வாங்கும் முன் அதைத் தூசி தட்டிப் பாருங்கள்.

யுஎஸ்பி டாங்கிளை நான் இப்போது யாருக்கும் முதல் யோசனையாகச் சொல்வதில்லை. அது லேப்டாப்பின் இடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், லேப்டாப் இருக்கும் இடத்துச் சிக்னல்தான் அதற்கும் கிடைக்கும். பயணத்தில் இருப்பவர், போன் பேட்டரியைக் காப்பாற்ற நினைப்பவர், மேசையிலேயே நல்ல டவர் உள்ளவர் வாங்கலாம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிள் போட்டு ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள்.

பழைய டாங்கிளைப் பாதி விலைக்கு வாங்கும் முன் அது 4ஜியா என்று பாருங்கள். 3ஜி மட்டும் பிடிக்கும் டாங்கிள்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஜியோவுக்கு 3ஜியே கிடையாது, ஏர்டெல் 2020லேயே 3ஜியை நிறுத்திவிட்டது. அதேபோல, ஒரு கம்பெனி சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டதா என்றும் கேளுங்கள். எந்தச் சிம்மும் போடலாம் என்று கடைக்காரர் சொன்னால் உங்கள் சிம்மை அங்கேயே போட்டு ஒரு பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சிக்னல் -105க்கும் கீழே, வேறு வழி இல்லை, தினமும் நாள் முழுக்க வேலை என்றால் சிம் போடும் 4ஜி ரூட்டர். வெளி ஆன்டெனா மாட்டும் திருகு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஆன்டெனாவை ஓட்டுக்கு மேலே, நல்ல எண் வந்த திசையைப் பார்த்து வையுங்கள், கேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவு சிக்னல் வழியிலேயே கரையும் என்பதால் தேவைக்கு மேல் நீட்டாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இடிமழையும் சித்திரைக் கோடை இடியும் நமக்குப் பழக்கம்தான். இடி தொடங்கும் முன்பே ஆன்டெனாவையும் கரண்டையும் கழற்றிவிட வேண்டும். தொடங்கிய பிறகு கழற்றப் போகாதீர்கள்.

லேப்டாப்பிலேயே சிம் துளை இருந்தால் மகிழ்ச்சி, ஆனால் துளை மட்டும் இருந்து உள்ளே மோடம் இல்லாத லேப்டாப்புகள் உண்டு. விண்டோஸ் நெட்வொர்க் செட்டிங்ஸில் செல்லுலார் என்ற வரி தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் பெரும்பாலும் மோடம் இல்லை.

சிக்னல் பூஸ்டர் வேண்டாம். அனுமதி இல்லாமல் அதை மாட்டுவது நம் நாட்டில் சட்டப்படி தவறு. அது டவரையே குழப்பி அக்கம்பக்கத்தார் எல்லோருடைய போனையும் கெடுக்கும்.

6. போனை லேப்டாப்போடு இணைப்பது

போனும் லேப்டாப்பும் ஒரே மேசையில் இருக்குமானால் யுஎஸ்பி டெதரிங். போனில் கேபிளைச் சொருகிய பிறகுதான் அந்தப் பட்டன் உயிர் பெறும், அதற்கு முன் மங்கலாக இருக்கும். ஹாட்ஸ்பாட் அண்ட் டெதரிங் என்ற பகுதியில் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பில் ஈதர்நெட் என்று வரும், பயப்பட வேண்டாம். வைஃபை அலைச்சல் இல்லாததால் இணைப்பு நிலையாக இருக்கும், போனும் சார்ஜ் ஆகும். ஐபோனுக்கு விண்டோஸில் ஆப்பிளின் மென்பொருளை முதலில் நிறுவ வேண்டும். மேக்கில் நிறைய ஆண்ட்ராய்டு போன்கள் கேபிள் வழியாக இணையாது, அவர்கள் ஹாட்ஸ்பாட்டையே பயன்படுத்தலாம்.

போன் ஜன்னலில், லேப்டாப் உள்ளே என்றால் வைஃபை ஹாட்ஸ்பாட். இடையில் சுவர் இருந்தால் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், ஒரே அறை என்றால் 5. ஐபோனில் 2.4க்கு மேக்ஸிமைஸ் கம்பேட்டிபிலிட்டி என்ற பட்டன். கடவுச்சொல் இல்லாமல் விடாதீர்கள். தானாக அணையும் வசதியை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் சாப்பிட்டு வருவதற்குள் அணைந்திருக்கும். போனின் உறையைக் கழற்றி, வெயில் நேரடியாகப் படாத ஜன்னலில் வையுங்கள். சூடானால் போன் தானே வேகத்தைக் குறைக்கும்.

இரட்டை சிம் போனில் எல்லோரும் விழும் குழி ஒன்று இருக்கிறது. நெட் ஒரு சிம்மில் ஓடும்போது மற்ற சிம்மில் கால் வந்து எடுத்தால் நிறையப் போன்களில் நெட் நின்றுவிடும். முக்கியமான கூட்டம் இருக்கும் நேரத்தில் இரண்டாவது சிம்மை செட்டிங்ஸில் அணைத்துவிடுங்கள். நெட் சிம்மில் வோல்ட்டி (VoLTE, 4ஜி வழியாகவே கால் பேசும் வசதி) ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள், அது இல்லாவிட்டால் அதே சிம்மில் வரும் காலும் நெட்டை அறுக்கும்.

7. பாக்கெட் வைஃபை, டாங்கிள், ரூட்டருக்கு

புது சிம்மை முதலில் போனில் போட்டு ரீசார்ஜ் செய்து, நெட் ஓடுவதை உறுதி செய்த பிறகே கருவிக்கு மாற்றுங்கள். ஓடிபி வரும் வேலைகளெல்லாம் போனில் இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது. சிம் அளவு சரியில்லை என்றால் முழு அடாப்டரில் வைத்துச் சொருகுங்கள். பாதி ஒட்டிய அடாப்டர் உள்ளே சிக்கி, இழுக்கும்போது பின்னை வளைத்த கருவிகள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன்.

டவர் இருந்தும் நெட் இல்லை என்றால் ஏபிஎன்னைப் (APN) பாருங்கள், கம்பெனியின் நெட்டோடு சேரக் கருவியில் இட வேண்டிய பெயர் அது. கருவியின் அமைப்புப் பக்கத்தில், ஜியோவுக்கு ஜியோநெட் (jionet), ஏர்டெல்லுக்கு ஏர்டெல்ஜிபிஆர்எஸ் புள்ளி காம் (airtelgprs.com), பிஎஸ்என்எல்லுக்கு பிஎஸ்என்எல்நெட் (bsnlnet) என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் இடைவெளி இல்லாமல் இட வேண்டும். அந்தப் பக்கத்தின் முகவரியும் கடவுச்சொல்லும் கருவியின் அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. உள்ளே போனதும் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

8. லேப்டாப் டேட்டாவைத் தின்னாமல் கட்டிப்போடுங்கள்

இணைத்த உடனே இதைச் செய்ய வேண்டும். மொபைல் டேட்டா அளவானது என்று லேப்டாப்புக்குத் தெரியாது, அது பாட்டுக்குப் பல ஜிபி அப்டேட்டை இறக்கும். விண்டோஸில் அந்த இணைப்பின் பண்புகளுக்குள் போய் மீட்டர்டு கனெக்‌ஷனை ஆன் செய்யுங்கள். ஹாட்ஸ்பாட்டுக்குத் தனியாக, யுஎஸ்பி ஈதர்நெட்டுக்குத் தனியாக வைக்க வேண்டும். ஒன்றுக்கு வைத்துவிட்டு மற்றதை மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மேக்கில் லோ டேட்டா மோட். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், போட்டோ பேக்கப் எல்லாவற்றையும் நிறுத்திவையுங்கள். பெரிய அப்டேட்டை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஃபைபர் இருக்கும் நண்பர் வீட்டுக்குப் போகும் நாளில் முடித்துக்கொள்ளலாம்.

9. நெட் நின்றால் இந்த வரிசையில் பாருங்கள்

முதலில் போனிலேயே ஒரு பக்கத்தைத் திறங்கள். போனில் வரவில்லை என்றால் லேப்டாப்பைத் தொட வேண்டாம், கோளாறு டவரிலோ பேக்கிலோ இருக்கிறது. அடுத்து அன்றைய டேட்டா மிச்சத்தைப் பாருங்கள். மிச்சம் இருந்தால் ஏரோபிளேன் மோடை பத்து விநாடி ஆன் செய்து அணையுங்கள், போன் டவரைப் புதிதாகத் தேடும். போனில் ஓடி லேப்டாப்பில் மட்டும் ஓடவில்லை என்றால் கேபிள், ஹாட்ஸ்பாட் கடவுச்சொல், லேப்டாப்பில் ஓடும் விபிஎன் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

10. சிம்மை மாற்ற முடிவு செய்தால்

எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாற, ஆங்கிலத்தில் போர்ட் (PORT) என்று எழுதி, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணை இட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். இப்போதைய கம்பெனியில் 90 நாள் முடிந்திருக்க வேண்டும் என்பது விதி. இதனால்தான் மூன்றாவது படியில் அக்கம்பக்கத்துச் சிம்களைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன்: அவசரத்தில் மாறிவிட்டு, வீட்டில் டவர் இல்லை என்று மறுநாள் தெரிந்தால் அந்த 90 நாளையும் அதே சிம்மோடு கழிக்க வேண்டும்.

வங்கி, ஆதார் எல்லாம் இணைந்திருக்கும் எண்ணை இந்தச் சோதனைக்கு இழுக்காதீர்கள். நெட்டுக்கென்று தனி சிம் ஒன்று எடுத்து, ஒரு மாதப் பேக் மட்டும் போட்டு, மழை பெய்யும் இரண்டு மூன்று நாளாவது ஓட்டிப் பாருங்கள். அதற்கு முன் வருடப் பேக் போட வேண்டாம்.